கோழிக்குக் கிடைத்த முகவரி

அறுபத்து நாலாவது வயதில் மெர்வின் டக்வெல் ஒரு மாபெரும் தீர்மானம் செய்தார். சனிக்கிழமை நடக்கும் இறுதி ஆட்டத்தைத் தன் ஷெட்டில், தன் டிவியில், ஊரில் ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் பார்த்துவிடுவது என்பதுதான் அது.

காரணம் இருந்தது. வில்கானி ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன ஊர்; அங்கே கால்பந்து என்றால் பந்தைக் கையாலும் பிடிக்கலாம், நாலு கால் பகுதியாக ஆடிப் புள்ளி சேர்ப்பார்கள். அந்த ஊர் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. கடைசியாக வந்தபோது கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றவர் மெர்வ்தான். கடைசி நிமிஷத்தில் பந்து நேராக அவர் கையைத் தேடி வந்தது. வந்தது, விரலில் பட்டது, நெஞ்சில் பட்டது, தரையில் விழுந்தது. எதிராளி அதை உதைத்தான். கோப்பை போயிற்று.

அன்றிலிருந்து வில்கானியில் யாரும் மெர்விடம் எதையும் சும்மா நீட்டுவதில்லை. பேக்கரியில் ரொட்டி கொடுக்கும்போது, "ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோ மெர்வ்" என்பார்கள். மகள் பிறந்தபோது, குழந்தையை அவர் கையில் கொடுக்க நர்ஸ் ஒரு நிமிஷம் யோசித்தாள். அந்த நர்ஸும் வில்கானிக்காரி.

இப்போது ஆட்டம் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி பர்ராடேலில். ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. மெர்வ் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரம் அத்தனை ஜனங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அந்தப் பந்தைப் பற்றி எண்பது தடவை கேட்க அவருக்குத் தெம்பில்லை. ஜெயித்தால் அழுதுவிடுவோம் என்ற பயம் வேறு.

தீர்மானத்துக்குக் குறுக்கே ஒரே ஒரு தடைதான் இருந்தது. அதே சனிக்கிழமை, அதே வீட்டில், மனைவி க்ளெனிஸ் பெண்கள் டென்னிஸ் கிளப்பின் மதிய விருந்தை வைத்திருந்தாள். பதினாலு பெண்கள் வருவார்கள். வழக்கப்படி ஆளுக்கொரு தட்டில் ஏதாவது செய்து எடுத்துவருவார்கள். பதினாலு தட்டு வருவதில் மெர்வுக்கு ஆட்சேபம் இல்லை. கூடவே பதினாலு போன் வரும்.

போன வருஷ விருந்து அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினாலு பேரும் விருந்தாளி வைஃபையில் ஏறிக்கொண்டு, கேக்கைப் படம் பிடித்து அனுப்பி, பெர்த்தில் இருக்கும் பேத்திக்கு அதே கேக்கை வீடியோவிலும் காட்டினார்கள். ஷெட்டில் மெர்வ் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து வீசுகிறவர் ஓடிவந்து பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார். விருந்து முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் பந்தை வீசினார்.

இந்தத் தடவை அது நடக்காது. வியாழக்கிழமை காலை, வேலிக்கு அந்தப்பக்கம் ரோஜாச்செடி வெட்டிக்கொண்டிருந்த க்ளைவிடம் மெர்வ் தன் திட்டத்தை விளக்கினார். க்ளைவ் மனைவியை இழந்தவர், வீட்டில் இன்டர்நெட் வைத்துக்கொள்ளாதவர். ஆட்டம் பார்க்க மெர்வின் ஷெட்டைத்தான் நம்பியிருந்தார்.

"நம்ம வீட்டுல மூணு வெள்ளைப் பெட்டி இருக்குல்ல? கூடத்துல ஒண்ணு, சமையலறைல ஒண்ணு, ஷெட்ல ஒண்ணு. மூணும் சேந்து ரெண்டு நெட்வொர்க் குடுக்குது. ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு விருந்தாளிக்கு."

"சரி."

"உள்ள வர்ற ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் ஒரு முகவரி குடுக்கணும். கதவு நம்பர் மாதிரின்னு வெச்சுக்கோ. நம்பர் இல்லாத வீட்டுக்குத் தபால் வருமா?"

"எனக்கு நம்பர் இருந்தும் வரதில்ல."

"அது வேற கதை. விருந்தாளிக்குன்னு அம்பது முகவரி இருந்துச்சு. நேத்து நான் அதை நாலாக்கிட்டேன்."

க்ளைவ் கத்தரியைக் கீழே வைத்தார். "மிச்சப் பத்துப் பேரு?"

"'முகவரி பெறப்படுகிறது'ன்னு போன்ல ஒரு வட்டம் சுத்தும். சாயங்காலம் வரைக்கும் சுத்தட்டும். நெட் பூரா நமக்கு."

"க்ளெனிஸுக்குத் தெரிஞ்சா?"

மெர்வ் சிரித்தார். "அவளுக்கு அந்தப் பெட்டியையும் ரொட்டி சுடுற மெஷினையும் பக்கத்துல வெச்சா எது எதுன்னு தெரியாதுய்யா."

செவ்வாய்க்கிழமையே க்ளெனிஸ் சனிக்கிழமை ஏற்பாட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் ஏதோ சொல்லியிருந்தாள். மெர்வ் ரவுட்டர் புத்தகத்தைப் படித்துக்கொண்டே ஏழு தடவை "ம்" சொன்னார். என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சனிக்கிழமை காலை, 'பை' என்ற இறைச்சி அடைத்த பலகாரம் வாங்க மெர்வ் பேக்கரிக்குப் போனார். நாலு வாங்கி, ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பினார். க்ளெனிஸ் வாசலிலேயே அவரை நிறுத்தினாள்.

"கண்ணு, நீ ஷெட்லயே இருந்துக்கோ. கூடத்துப் பக்கம் வராத. பொம்பளைங்க பேச ஆரம்பிச்சா உனக்குத் தலைவலி வரும்."

முப்பத்தெட்டு வருஷ மண வாழ்க்கையில் க்ளெனிஸ் "கண்ணு" என்று சொன்னபோதெல்லாம் மெர்வுக்கு ஏதாவது ஒரு சேதம் நடந்திருக்கிறது. ஆனால் அன்று அவர் சந்தோஷத்தில் இருந்தார், கவனிக்கவில்லை. கிளப் தலைவி ஹெதர் கையில் எலுமிச்சை கேக் தட்டோடு உள்ளே போவதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார். அன்றைக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று அந்தப் பந்து விழுவதைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தவள் ஹெதர்.

தோட்டத்துக் கடைசியில் ஷெட். அதையொட்டிக் கோழிக்கூடு. ஷெட்டில் க்ளைவ் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு தட்டு நிறையச் சூடான சாசேஜ் ரோல். இன்னொருத்தர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற ஆள் இல்லை அவர். மெர்வ் டிவியைப் போட்டார்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அதன் கீழே எழுதியிருந்தது: முகவரி பெறப்படுகிறது.

"நீ சொன்ன வட்டம் இதுதானா?" என்று க்ளைவ் கேட்டார்.

"டிவிக்கு எப்படிய்யா வரும்? அது எங்க நெட்வொர்க்ல இருக்கு."

டிவி அவர்கள் நெட்வொர்க்கில் இல்லை. விருந்தாளி நெட்வொர்க்கில் இருந்தது. மெர்வ் அதை வீட்டு நெட்வொர்க்குக்கு மாற்றினார். பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடி அடித்தார். தவறு. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிச் சொல்லி அடித்தார். அதுவும் தவறு. போனை எடுத்துப் பார்த்தார். போனிலும் அதே வட்டம், அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

வெள்ளைப் பெட்டியைப் பிடுங்கி முப்பது எண்ணி மாட்டினார்கள். பிறகு அறுபது எண்ணி மாட்டினார்கள். பெட்டியை ஜன்னலில் வைத்தார்கள், அலமாரி மேல் வைத்தார்கள், கடைசியில் க்ளைவ் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். வட்டம் எதற்கும் அசரவில்லை. வீட்டுப் பக்கமிருந்து பதினாலு பெண்கள் சேர்ந்து "ஓ" என்று கத்தும் சத்தம் வந்தது.

"எதுக்குக் கத்துறாங்க?"

"யாராவது பேத்தி போட்டோ காமிச்சிருப்பாங்க" என்றார் மெர்வ் கடுப்பாக. "முதல் கால் பகுதியே முடிஞ்சிருக்கும் இந்நேரம்."

வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போனார். சமையலறைக் கதவில் க்ளெனிஸ் கையெல்லாம் மாவோடு நின்றாள். அவர் எட்டிப் பார்க்கிற பக்கமெல்லாம் அவளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தாள்.

"எல்லாருக்கும் நெட் வருதா?" என்று மெர்வ் பேச்சை ஆரம்பித்தார்.

"ஜோரா வருது. ஏன், வரக் கூடாதா?"

"பதினாலு பேருக்குமா?"

"பதினாலு பேருக்கும். வீட்டு நெட்வொர்க்லயே போட்டுக் குடுத்துட்டேன். பழகினவங்கதானே."

மெர்வ் கேட்டார்: "பாஸ்வேர்டு மாத்தினியா?"

"காலைல நீ பேக்கரிக்குப் போனப்ப மாத்தினேன். அப்பப்ப மாத்தணும், இல்லன்னா திருடன் வந்துருவான்னு நீதானே சொல்லிட்டே இருப்ப."

"புதுசு என்ன?"

"எங்கயோ எழுதி வெச்சேன். கையெல்லாம் மாவா இருக்கு, அப்புறம் தேடித் தரேன். உனக்கென்ன அவசரம்? விருந்தாளி நெட்வொர்க் இருக்குல்ல, அதுல போட்டுக்கோ. ரொம்ப நல்ல நெட்வொர்க்னு ஊர் பூரா சொல்லிட்டிருந்தியே."

அது நல்ல நெட்வொர்க் இல்லை, அதில் நாலே முகவரிதான் இருக்கிறது என்று மெர்வ் எப்படிச் சொல்வார்? சொன்னால் அது ஏன் நாலாச்சு என்று அடுத்த கேள்வி வரும். பக்கத்துத் தட்டிலிருந்து ஸ்கோன் பன் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

ஆனால் வழியில் ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. நாலாக்கியது அவர்தானே? திரும்ப அம்பதாக்கினால் போயிற்று. வில்கானியில் செல்போன் சிக்னல் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஷெட்டுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்த டீசல் பீப்பாய் மேல் ஏறி, வடக்கே பார்த்துக் கையை நீட்டினால் ஒரு கோடு வரும். படம் பார்க்கப் போதாது, ஆனால் ரவுட்டர் ஆப் திறக்கும். மெர்வ் வலிக்கிற முழங்காலை மறந்து பீப்பாய் மேல் ஏறினார்.

ஆப் திறந்தது. திறந்து, மரியாதையாகச் சொன்னது: உங்களுக்கு அனுமதி இல்லை. உரிமையாளரைக் கேட்கவும். உரிமையாளர்: க்ளெனிஸ் டக்வெல்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பெட்டி வாங்கிய அன்று தன் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாக அடித்துப் பூட்டிக்கொண்டவர் அவரே. சரி, இப்போதைக்கு இருக்கட்டும் என்று க்ளெனிஸின் பெயரில் பதிவு செய்ததும் அவரே. இப்போதைக்கு என்று செய்தது இரண்டு வருஷமாக அப்படியே இருந்தது.

"என்ன சொல்லுது?" என்று க்ளைவ் கீழேயிருந்து கேட்டார்.

"என்னை எடுத்துட்டா."

"எதுலேருந்து?"

"எல்லாத்துலேருந்தும்."

வீட்டிலிருந்து மறுபடி ஒரு பெரிய கூச்சல் கேட்டது. கைதட்டல் வேறு. க்ளைவ் தட்டைப் பார்த்தார். பாதி ரோல் தீர்ந்திருந்தது. தக்காளி சாஸ் இல்லாமல் மீதியைச் சாப்பிட முடியாது, வீட்டில் போய் ஒரு பாட்டில் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை.

ஒரு மணி நேரம் ஆயிற்று. மெர்வுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு நிஜமாகவே துக்கம் வந்தது. முப்பத்தொரு வருஷம் காத்திருந்த ஆட்டம். அதன் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருக்கும் இந்நேரம். அவரோ ஒரு பீப்பாய் மேல் உட்கார்ந்து வேலியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் கோழிக்கூட்டிலிருந்து யாரோ பேசும் குரல் கேட்டது. நரி கிட்டே வராமலிருக்க வில்கானியில் எல்லோரும் கூட்டுக்குள் ஒரு ரேடியோவைப் பகல் முழுக்கப் பாடவிட்டு வைப்பார்கள். மெர்வ் வீட்டுக் கோழிகள் கேட்டுக்கொண்டிருந்தது உள்ளூர் நிலையம். அதில் ஒருத்தர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். வில்கானி எட்டுப் புள்ளி முன்னால் என்றார்.

மெர்வ் பாய்ந்தார். கதவு சின்னது, அவர் சின்னவரில்லை. கையை முதலில் விட்டு, தலையை விட்டு, மீதியைக் கோழிகளின் எதிர்ப்பையும் மீறி உள்ளே இழுத்துக்கொண்டார். ரேடியோ உத்தரத்தில் கம்பியால் கட்டியிருந்தது. அதை அவிழ்க்க நேரமில்லை. முட்டைப் பெட்டி மேல் மண்டியிட்டு, காதை ரேடியோவில் ஒட்டிக்கொண்டார். ஒரு சிவப்புக் கோழி அவர் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதைத் தள்ளவும் அவருக்குத் தோன்றவில்லை.

"ரெண்டு புள்ளிதான் வித்தியாசம்" என்றது ரேடியோ. மெர்வ் இரண்டு கையையும் கூப்பினார். "விட்டுராதீங்கப்பா" என்று கோழிகளிடம் சொன்னார். "கைய ஸ்திரமா வெச்சுக்கோங்கப்பா."

"மெர்வ்" என்றது கூடு.

ஒரு கணம் முதுகிலிருந்த கோழிதான் பேசுகிறது என்று நினைத்தார்.

"மெர்வ், கண்ணு. அங்க என்ன பண்ற?"

உத்தரத்தின் மூலையில் சின்னக் கண்ணாக ஒரு கேமரா. நரிக்காக க்ளெனிஸ் போன மாதம் வாங்கி மாட்டியது. பக்கத்தில் பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது. அதன் வழியாக க்ளெனிஸின் குரலும், அதற்குப் பின்னால் பதினாலு பெண்களின் சிரிப்பும், அதற்கும் பின்னால் க்ளைவின் குரலும் வந்தன.

"யோவ் மெர்வ், சாஸ் கிடைச்சுருச்சுய்யா."

"கூட்டுல என்னமோ அசையுதுன்னு போன்ல மணி அடிச்சுது" என்றாள் க்ளெனிஸ். "நரியோன்னு பெரிய டிவிலயே போட்டுப் பாத்தோம். சீக்கிரம் உள்ள வா. இன்னும் நாலு நிமிஷம்தான் ஆட்டம் இருக்கு."

மெர்வ் முதுகுக் கோழியோடேயே ஓடினார், அது பாதி வழியில் இறங்கிக்கொண்டது. கூடத்துக் கதவைத் திறந்தால், சுவர் நிறைய டிவி, டிவி நிறைய ஆட்டம். பதினாலு பெண்கள் கழுத்தில் வில்கானியின் பச்சைத் துண்டு. நடு நாற்காலியில், இடுப்பு ஆபரேஷன் ஆகி இரண்டு மாசமான ஹெதர். மைதானத்து மரப்பலகையில் உட்கார முடியாத அவளுக்காகத்தான் இந்த விருந்தையே இன்றைக்கு வைத்தது. அவள் பேரன் கூப்பர்தான் இன்று கோல் கம்பத்துக்கு முன்னால் நிற்கிறான். செவ்வாய்க்கிழமை ஏழு "ம்" போட்ட விஷயம் இதுதான்.

உட்கார இடமில்லை. மெர்வ் நடு நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்தார். கடைசி நிமிஷம். பர்ராடேல்காரன் ஒருத்தன் நீளமாக உதைத்தான். பந்து உயரே போய், முப்பத்தொரு வருஷம் முன்னால் வந்தது போலவே கம்பத்துக்கு முன்னால் இறங்கியது. மெர்வ் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். கூடம் வெடித்ததுபோல் கத்தியபோதுதான் கண்ணைத் திறந்தார். கூப்பர் பந்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தரையில் கிடந்தான். மணி அடித்தது. வில்கானி இரண்டு புள்ளியில் ஜெயித்துவிட்டது.

மெர்வ் அழுதார். பயந்தபடியே, பதினாலு பேர் முன்னால், வெட்கமில்லாமல் அழுதார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிடித்திருந்த கை ஹெதருடையது. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"அன்னிக்கு உன் கண்ணுல வெயில் அடிச்சுது மெர்வ்" என்றாள் ஹெதர். "நான் பின்னாடிதான் நின்னேன், எனக்குத் தெரியும். இத்தனை வருஷமா சொல்லணும்னு பாக்கறேன், என்னைக் கண்டாலே நீ ஓடிர்ற."

விருந்து ஐந்து மணிக்கு முடிந்தது. போகிறவர்கள் எல்லோரும் மெர்வின் கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள். சிலர் அவர் தோளிலிருந்து ஒரு இறகை எடுத்துப் போட்டுவிட்டும் போனார்கள். வீடு அமைதியானதும் மெர்வ் தட்டுகளைக் கழுவினார். யாரும் சொல்லாமலே பதினாலையும் கழுவினார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கிழமையே. நீ நாலாக்கினதும் 'விருந்தாளி முகவரி குறைக்கப்பட்டது'ன்னு என் போனுக்குச் செய்தி வந்துச்சு. என் சிநேகிதிங்களுக்கு முகவரி இல்லன்னு முடிவு பண்ணவருக்கு முகவரி இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு காட்டணும்னு தோணுச்சு. உன் டிவியை எடுத்து விருந்தாளி நெட்வொர்க்ல போட்டேன்."

"அந்த நாலும் யாருக்குப் போச்சு?"

"வாசல் மணி, வீடு கூட்டுற மெஷின், செடிக்குத் தண்ணி விடுற மெஷின், கோழிக்கூட்டுக் கேமரா."

மெர்வ் துணியைப் பிழிந்தார். கோழிக்கு முகவரி இருந்தது, அவருக்கு இல்லை. இருந்தாலும் அவருக்குக் கோபம் வரவில்லை. இன்று எதுவும் கோபமாக வரவில்லை. "ஒண்ணு மட்டும் நல்லதுக்கு ஆச்சு" என்றார். "கூப்பர் புடிச்சுட்டான். இனிமே ஊர்ல யாரும் என் பந்தைப் பத்திப் பேச மாட்டாங்க."

"பேசவே மாட்டாங்க" என்று க்ளெனிஸ் ஒப்புக்கொண்டு, போனை அவர் முன்னால் நீட்டினாள். அதில் மெர்வ் கோழிகளுக்கு நடுவில் மண்டியிட்டுக் கையைக் கூப்பிக்கொண்டிருந்தார், முதுகில் சிவப்புக் கோழியோடு. "க்ளைவ் இதைக் கால்பந்து கிளப்புக்கு அனுப்பிட்டார். வெற்றி விழாவுல பெரிய திரைல போடறாங்களாம்."